பூட்டிய அறையில் விதைமூட்டை

2016 ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு வைத்த முதல் வேலை, கையெழுத்துப் போட்டு ஒரு சாவியை வாங்குவது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகருக்கு வெளியே ஓர் ஆய்வுப் பண்ணை. கொட்டகையின் மூலையில் சன்னல் இல்லாத ஓர் அறை. அதற்குள் பிரான்சிலிருந்து வந்திருந்த விதைமூட்டைகள். கதவை யார் திறந்தார்கள், எத்தனை மணிக்கு, எத்தனை கிலோ எடுத்தார்கள் என்று எழுத ஒரு நோட்டு. நான் வேடசந்தூர்ப் பக்கம் புகையிலைக் காட்டில் வளர்ந்தவள். விதையை எலியிடமிருந்து காப்பாற்றத் தெரியும். போலீஸிடமிருந்து காப்பாற்றுவது புதிது.

அன்று இரவு அம்மா போனில், "என்ன பயிரம்மா?" என்று கேட்டார். ஹெம்ப் என்றேன். தமிழில் என்ன என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அகராதி சணல் என்கிறது. நமக்குச் சணல் என்றால் கோணிச்சாக்கு, அது வேறு செடி. சணப்பு என்றால் நடவுக்கு முன் மடக்கி உழுகிற பசுந்தாள் உரம், அது அவரைக் குடும்பம். புளிச்சையும் நார் தரும், அது வெண்டைக்கு உறவு. கடைசியில் உள்ளதைச் சொன்னேன்: கஞ்சாச் செடியின் இனம்தான், ஆனால் போதை ஏறாதது, நாருக்கும் விதைக்கும் வளர்ப்பது, அரசு அனுமதித்து நடக்கும் ஆராய்ச்சி. மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்பாவிடம் சணல் என்றே சொல்லிவிடுகிறேன்" என்றார். நானும் இனி ஹெம்ப் என்றே எழுதிப் போகிறேன்.

கஞ்சாவும் ஹெம்ப்பும் தாவரவியலில் ஒரே இனம். அமெரிக்கச் சட்டத்தில் இரண்டையும் பிரிப்பது ஓர் எண்: உலர்ந்த எடையில் டிஎச்சி என்ற போதைப்பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கஞ்சா. 1976-இல் கனடாவின் எர்னஸ்ட் ஸ்மாலும் அமெரிக்காவின் ஆர்தர் குரோன்க்விஸ்ட்டும் இந்தச் செடியை வகைபிரிப்பதற்காக ஒரு தாவரவியல் கட்டுரையில் இழுத்த கோடு அது. எங்காவது ஒரு கோடு வேண்டும் என்பதற்காகத் தாங்களாக வைத்துக்கொண்டது என்று அவர்களே ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். தாவரங்களை அடுக்கி வைக்கப் போட்ட கோடு, நாற்பது ஆண்டு கழித்து வயலுக்கும் ஜெயிலுக்கும் நடுவே வேலியாக நின்றது.

நான் வேலைபார்த்த திட்டத்துக்கு வேர், 2014 பிப்ரவரி 7 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட வேளாண் சட்டத்தின் 7606-ஆம் பிரிவு. மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால், பல்கலைக்கழகங்களும் மாநில வேளாண் துறைகளும் ஆராய்ச்சிக்காக ஹெம்ப் வளர்க்கலாம். துறையின் முன்னோடித் திட்டத்தில் உரிமம் பெற்று விவசாயிகளும் சேரலாம். கென்டக்கி 2013-லேயே தன் மாநிலச் சட்டத்தைத் தயாராக வைத்திருந்தது. ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் செடியின் பெயர் அப்படியேதான் இருந்தது. ஒரு சட்டம் விதை என்றது. இன்னொரு சட்டம் பிடி என்றது. 2014 மே மாதம் இத்தாலியிலிருந்து வந்த 250 பவுண்டு விதை, ஏறத்தாழ 113 கிலோ, லூயிவில் நகரில் சுங்கத்தில் சிக்கியது. மாநில வேளாண் துறை, மத்திய அரசின் போதைத் தடுப்பு முகமை மீது வழக்குப் போட்டுத்தான் அதை மீட்டது. அந்த ஆண்டு மாநிலம் முழுவதும் விதைத்தது 33 ஏக்கர். எங்கள் அறைக்குப் பூட்டும் நோட்டும் வந்த கதை இதுதான்.

நோட்டு என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் ஆண்டில் ஒரு பாத்தி தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தது. நல்ல விவசாயி என்ன செய்வார்? அறுபது மீட்டர் மேட்டுப் பக்கம் தள்ளி விதைப்பார். நாங்களும் அதைத்தான் செய்தோம். உரிமத்தில் எழுதியிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் பழைய இடத்தின் எண்கள் என்பது விதைத்து ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த எண்கள் மாநிலப் போலீஸிடமும் இருக்கும். காகிதப்படி அனுமதி பெற்ற நிலம் வெறுமையாகக் கிடந்தது; அனுமதி இல்லாத நிலத்தில் கஞ்சாவின் தங்கை முளைத்திருந்தது. விளக்கக் கடிதம் எழுதியே ஒரு வாரம் போயிற்று. அதன்பிறகு பண்ணையில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: இடம் மாற்றினால் முதலில் கடிதம், பிறகு கலப்பை.

விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மத்திய அரசின் சட்டத்தைத்தான் பார்க்கும். மாநிலம் அனுமதித்த கஞ்சாக் கடையில் வேலை பார்த்தது பிற்பாடு குடியுரிமை கேட்கும்போது இடைஞ்சலாகும் என்று 2019-இல் குடியேற்றத் துறை எழுத்திலேயே சொன்னது. ஹெம்ப் அதில் சேராது. ஆனால் கேள்வி கேட்கும் அதிகாரிக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. சேர்ந்த முதல் மாதமே, என் வேலை 7606-ஆம் பிரிவின் கீழ் வருவது என்று நிறுவனத்தின் சட்டப் பிரிவிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டேன். பாஸ்போர்ட்டோடு அது இன்றும் இருக்கிறது.

ஏன் விதை பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வர வேண்டும்? கென்டக்கியில் 1775 முதலே ஹெம்ப் விளைந்திருக்கிறது. கப்பல் கயிறும் பருத்திப் பொதி கட்டும் துணியும் இங்கிருந்து போயின. அந்த வயல்களில் நாரை முறித்துப் பிரித்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள். லெக்சிங்டனின் பழைய மாளிகைகளைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய வேளாண் துறையின் லிஸ்டர் டூயி என்ற தாவரவியலாளர் கென்டக்கி ஹெம்ப்பிலிருந்து ரகம் ரகமாகத் தேர்ந்தெடுத்தார். அவர் விதைத்த ஆர்லிங்டன் பண்ணை இருந்த இடத்தில்தான் இன்று பென்டகன் நிற்கிறது. 1937-இல் கஞ்சாவுக்கு வரி போடும் சட்டம் வந்து, ஹெம்ப்பையும் நெருக்கியது. போருக்காக 1942-இல் வேளாண் துறையே மறுபடி வளர்க்கச் சொன்னது. போர் முடிந்ததும் கைவிட்டது. அந்த ரகங்களின் விதையைப் பேணி வைக்கவில்லை. நூறாண்டு உழைப்பு ஒரு குளிர் அறைகூட இல்லாமல் போனதால், எழுபது ஆண்டு கழித்து நாங்கள் அயல்நாட்டு விதையை வைத்துக்கொண்டு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினோம்.

அரிச்சுவடியிலும் முதல் எழுத்திலேயே தவறினோம்.

"எங்கே போட்டாலும் முளைக்கும், களையைத் தானே அமுக்கிவிடும், மருந்து வேண்டாம், தண்ணீர் வேண்டாம்." ஹெம்ப்பைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டது இது. தானாக முளைத்த செடியைச் சாலையோரத்தில் பார்த்தவர்கள் சொல்லும் பேச்சு. நம்பி, சோயாவுக்குப் போடுவது போல ஓர் அங்குல ஆழத்தில் போட்டோம். மூன்றாம் நாள் கனமழை, நான்காம் நாள் நல்ல வெயில். மேல்மண் பொறுக்குத் தட்டிவிட்டது. பத்தாம் நாள் வரிசையில் உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறிப் பார்த்தேன். முளை வந்திருந்தது. அந்தப் பொறுக்கை முட்டிப் பிளக்கத் தெம்பில்லாமல் உள்ளேயே வளைந்து, வெளுத்துச் செத்திருந்தது. மூன்றில் ஒரு பங்குகூட மேலே வரவில்லை. ஹெம்ப் விதை மிளகை விடச் சிறியது. அரை அங்குலத்துக்குக் கீழே போனால் அதற்குப் புதைகுழிதான்.

ஆழம் மட்டும் குற்றவாளி இல்லை என்பது பிறகு தெரிந்தது. மூட்டையில் மிச்சம் இருந்த விதையில் நூறை எண்ணி, ஈரக் காகிதத்தில் சுருட்டி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்தேன். பாசிப்பயறு முளைகட்டும் எந்த அம்மாவுக்கும் தெரிந்த வித்தை. ஏழாம் நாள் எண்ணினால் 58. ஹெம்ப் விதையில் எண்ணெய் அதிகம். வெப்பத்தில் கிடந்தால் சீக்கிரம் உயிரை விட்டுவிடும். கப்பலிலும் கிடங்கிலும் எத்தனை வாரம் கிடந்ததோ. மூட்டைச் சீட்டில் இருந்த முளைப்புத்திறன் மூட்டை கட்டிய நாளின் கணக்கு. நாங்கள் ஏக்கருக்கு 25 கிலோ என்று போட்டிருந்தோம்; 58 சதவீத விதைக்கு 43 கிலோ போட்டிருக்க வேண்டும். நூறு விதை, ஒரு காகிதம், ஏழு நாள்: இதைச் செய்யாமல் விட்டதற்கு ஒரு பருவத்தைக் கொடுத்தோம். பெரிய கருவிகள் இருக்கும் இடத்தில் இப்படிச் சின்ன வேலைகள்தான் விட்டுப்போகும்.

பயிர் இடைவெளி விட்ட இடம்தான் களைக்கு வாசல். நாருக்கு நெருக்கமாக விதைத்து, சீராக முளைத்தால், நான்கு வாரத்தில் ஹெம்ப் வெயிலை மூடிவிடும். அப்போது களை எழும்பாது என்பது நிஜம். இடைவெளி விட்டால் முள்ளுக்கீரையின் அமெரிக்கப் பங்காளிகள் நுழைந்து ஹெம்ப்பைத் தாண்டி வளர்ந்து நிற்கும். அடிக்கக் களைக்கொல்லி அப்போது கிடையாது. சட்டத்தில் இல்லாத பயிருக்கு எந்தக் கம்பெனி மருந்தைப் பதிவு செய்யும்? 2019 டிசம்பரில்தான் முதல்முறையாகப் பத்து மருந்துகளுக்கு ஒப்புதல் வந்தது, அவையும் பெரும்பாலும் உயிரியல் வகை. கையால் களை எடுத்தோம். சம்பளத்துக்கு வந்த மெக்சிகோ தொழிலாளர்கள் புகையிலைக்கும் வேண்டியவர்கள் என்பதால், பல நாள் நானும் இரண்டு மாணவர்களும்தான். களைக்கொத்து வேண்டும் என்று கேட்டேன். நின்றுகொண்டு வெட்டும் நீளக் கொத்து ஒன்றைத் தந்தார்கள். குத்தவைத்து உட்கார்ந்து எடுக்கும் வேகம் அதில் வரவே இல்லை.

பகலின் நீளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தமிழ்நாட்டிலிருந்து எனக்கு வரும் கேள்விகளுக்கு இதில்தான் பதில் இருக்கிறது. ஹெம்ப் பகல் குறையத் தொடங்கும்போது பூக்கும் செடி. லெக்சிங்டனில் ஜூன் மாதப் பகல் பதினான்கே முக்கால் மணி நேரம். பிரான்சின் ஃபெலினா 32, ஃப்யூச்சுரா 75 ரகங்கள் அங்கே ஓரளவு சமாளித்தன. ஃபின்லாந்தில் உருவான ஃபினோலாவோ வடதுருவக் கோடைக்குப் பழகியது. எங்கள் வயலில் இடுப்பளவு வருவதற்குள் பூத்துக் காய்த்துக் கிழடாகிவிட்டது. மே முதல் வாரம் விதைத்த நார் ரகம் தலைக்கு மேல் போயிற்று. மழையால் ஜூலைக்குத் தள்ளிப்போன அதே விதை மார்பளவோடு நின்றது. ரகம், உரம் எல்லாவற்றையும் விட விதைத்த தேதி பேசியது.

இனி திண்டுக்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டிலேயே நீண்ட பகல் பன்னிரண்டே முக்கால் மணிக்குள் அடங்கிவிடும். ஐரோப்பிய நார் விதையை அங்கே போட்டால் முளைத்த சில வாரத்தில் பூ வைத்துவிடும். நாருக்குத் தண்டு எங்கிருந்து வரும்? ஃபுளோரிடாவில் செய்த சோதனைகளிலும் இதே பாடுதான். தாய்லாந்து தன் அரச திட்ட அறக்கட்டளை மூலம் மலைவாழ் மக்களின் விதையிலிருந்து ஆர்பிஎஃப் வரிசை ரகங்களை உருவாக்கிக்கொண்டது. வெப்பநாட்டுக்கு அது போன்ற வழிதான். அதற்கும் முன்னால் சட்டம் நிற்கிறது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, நாருக்கோ விதைக்கோ வளர்க்க அரசு அனுமதி தரலாம் என்கிறது. அதை வைத்துத்தான் உத்தராகண்ட் 2018-இல் தொடங்கியது. இமாச்சல அமைச்சரவை 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌணி வேளாண் பல்கலைக்கழகங்களின் முன்னோடி ஆய்வுக்கு ஒப்புதல் கொடுத்தது. அரசு ஆணை இல்லாமல் இணையத்தில் விதை வாங்கித் தோட்டத்தில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்கிற தம்பிகளுக்கு: கூடாது. கஞ்சா வழக்குத்தான் வரும்.

அறுவடையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விதைக்காக வளர்த்த பாத்தியில் சாதாரணக் கதிர் அறுவடை இயந்திரத்தை இறக்கினோம். நார் உருளையில் சுற்றி, பேரிங்கில் சுற்றி, சூடாகிப் புகை வந்தது. நெருப்பாவதற்குள் நிறுத்திவிட்டு, மூன்று பேர் கத்தியோடு அடியில் படுத்து மாலை வரை அறுத்தோம். கதிர் வெட்டும் பல்லை உயர்த்தி, தலைப்பகுதியை மட்டும் அறுக்க வேண்டும். செடி முழுக்கக் காயும்வரை காத்திருக்கவும் கூடாது, காயக் காயத்தான் நார் முறுகும். அப்படிப் பச்சையாக அறுத்த விதையை லாரியில் விட்டுவைத்தால் சில மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடு. அன்றைக்கே காற்றுப் போட்டு எட்டு, ஒன்பது சதவீத ஈரத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். நார்த் தண்டை வயலிலேயே பரப்பிப் பனியில் ஊறவிட்டோம். தென்னை மட்டையைத் தண்ணீரில் ஊறப்போடுவதற்குப் பதில் இங்கே பனியும் பூஞ்சையும் அந்த வேலையைச் செய்யும். பதம் பார்த்து எடுத்தோம், நன்றாகவே வந்தது. ஆனால் நாரைப் பிரிக்கும் ஆலை எட்டாத தூரம். பொதி பருமன், எடை இல்லை. லாரி வாடகை நாரைத் தின்றது.

அதனால்தான் கென்டக்கி விவசாயிகள் நாரையும் விதையையும் விட்டுப் பூவுக்குத் தாவினார்கள். பூவில் சிபிடி என்ற பொருள் இருக்கிறது, போதை தராது, எண்ணெயாக எடுத்து மருந்துக்கடைகளிலும் மளிகைக்கடைகளிலும் விற்றார்கள். இந்தச் சாகுபடி அச்சு அசல் புகையிலை. நாற்று விட்டு, புகையிலை நடும் கருவியாலேயே நட்டு, அறுத்துப் புகையிலைக் கொட்டகையிலேயே தொங்கவிடலாம். 2018-இல் அந்தக் கொட்டகை ஒன்றில் நுழைந்தபோது எனக்கு அப்பாவின் காடு நினைவுக்கு வந்தது, வாசனைதான் வேறு.

பூவுக்குப் போனதும் அந்த 0.3 நேராக எங்கள் கழுத்துக்கு வந்தது. நார் ரகங்களில் டிஎச்சி பெரும்பாலும் கோட்டுக்கு வெகு கீழே நிற்கும். சிபிடி ரகங்களில் சிபிடியும் டிஎச்சியும் சேர்ந்தே ஏறும், ஏறத்தாழ இருபதுக்கு ஒன்று, இருபத்தைந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சிபிடி ஆறு, ஏழு சதவீதத்தைத் தொடும்போது டிஎச்சி 0.3-ஐத் தொட்டுவிடும். ஆனால் வியாபாரி பத்து, பன்னிரண்டு சதவீத சிபிடி கேட்கிறார். அதிகம் விளைந்தால் குற்றம் என்ற ஒரே பயிர் இதுவாகத்தான் இருக்கும்.

சோதனை நாளில் ஆய்வாளர் வந்து பெண் பூக்கொத்தின் நுனியில் ஒரு சாண் அளவு வெட்டி, பையில் போட்டு முத்திரை வைத்து எடுத்துப்போவார். செடியின் உச்சியில்தான் டிஎச்சி அதிகம். அடித்தண்டையும் இலையையும் சேர்த்து அரைத்தால் வேறு எண் வரும். இன்னொரு சிக்கலும் இருந்தது. பச்சைச் செடியில் பெரும்பகுதி டிஎச்சிஏ என்ற அமில வடிவில் இருக்கும், சூடுபட்டால்தான் டிஎச்சியாக மாறும். 2014 சட்டம் போதை தரும் டெல்டா-9 டிஎச்சியை மட்டும் சொன்னது. அமிலத்தையும் சேர்ப்பதா என்பதில் மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வழக்கம். 2019 அக்டோபரில் வந்த மத்திய விதிதான் அமிலத்தை 0.877-ஆல் பெருக்கிச் சேர்க்க வேண்டும் என்று முடித்துவைத்தது.

2018 செப்டம்பரில் எங்கள் ஐந்து சிபிடி ரகங்களில் ஒன்று 0.5-ஐத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டு மழை அதிகம், அதனால் ஏறியிருக்கும் என்று பேசிக்கொண்டோம். அது தப்பு என்று பிற்பாடு கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகள் காட்டின: விகிதத்தை வறட்சியோ வெள்ளமோ மாற்றுவதில்லை, விதையின் மரபுதான் தீர்மானிக்கிறது, அறுவடை தள்ளத் தள்ள இரண்டும் ஏறும். பூ விட்ட மூன்றாம் வாரத்திலிருந்து வாராவாரம் சொந்தச் செலவில் மாதிரி அனுப்பியிருந்தால் பத்து நாள் முன்பே அறுத்துத் தப்பித்திருப்போம். ஒரு மாதிரிக்கு ஆகும் பணத்தைக் கணக்குப் பார்த்தோம். பாத்தியை வெட்டிக் குவித்து, சாட்சி வைத்து உழுது மூடினோம். நான் நாற்றாக ஊன்றிய செடிகள். டிராக்டர் போனபோது நான் கொட்டகைக்குள் போய் லேபிள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பண்ணைக்கு மேற்கே வேலியைத் தாண்டி ஒரு பெரியவர். மூன்று தலைமுறையாகப் புகையிலை. நாங்கள் களை எடுக்கும்போது வேலியில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பார். 2018-இல் அவரும் உரிமம் வாங்கி இரண்டு ஏக்கர் சிபிடி நட்டார், நல்ல காசு பார்த்தார். அந்த டிசம்பர் 20 அன்று புதிய வேளாண் சட்டம் ஹெம்ப்பைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கியது. மறு வசந்தத்தில் பன்னிரண்டு ஏக்கர் போடப் போகிறேன் என்றார். அவர் மட்டுமா? 2018-இல் 6,700 ஏக்கராக இருந்த மாநிலப் பரப்பு 2019-இல் 26,000 ஏக்கரைத் தாண்டியது.

விற்கும் வழியைப் பற்றி அவரிடம் கேட்டேன். ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் இருக்கிறது என்றார். படித்துக் காட்டினார். பூவில் உள்ள ஒவ்வொரு சதவீத சிபிடிக்கும் பவுண்டுக்கு இவ்வளவு என்று விலை இருந்தது. எந்தத் தேதிக்குள் எடுப்பார்கள் என்று இல்லை. எடுத்த எத்தனை நாளில் பணம் என்று இல்லை. ஈரம் எவ்வளவு இருக்கலாம், யாருடைய ஆய்வகத்தின் எண் செல்லும், கொட்டகையில் கிடக்கும் மாதங்களுக்கு யார் பொறுப்பு, எதுவும் இல்லை. எனக்கு வியப்பாக இருந்தது. நாற்பது ஆண்டு விவசாயம் பார்த்தவர். பிறகுதான் புரிந்தது. அமெரிக்கப் புகையிலைக்கு 1938 முதல் 2004 வரை அரசின் ஒதுக்கீடும் விலை ஆதரவும் இருந்தன. நன்றாக விளைவித்துப் பதப்படுத்திக் கொண்டுபோனால் விலை இருக்கும், வாங்க ஆள் இருக்கும். அந்தத் திட்டம் போய்ப் பதினைந்து ஆண்டு ஆகியும் பழக்கம் போகவில்லை. அரசின் பெயர் ஒட்டிய பயிர் என்றதும் அரசு பின்னால் நிற்கும் என்று மனசு நம்பிவிட்டது. என் அப்பா புகையிலையை வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்து, மிச்சப் பணத்துக்கு ஆறு மாதம் நடந்தவர். அவர் அந்தக் காகிதத்தை முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்த்திருப்பார்.

எங்கள் ஆய்வுக்கும் இதில் பங்கு உண்டு. நாங்கள் விளைச்சலை அளந்தோம், உயரத்தை அளந்தோம், டிஎச்சியை அளந்தோம். கள நாளில் விவசாயிகளுக்கு வண்ண வரைபடம் காட்டினோம். மாநிலத்தில் எத்தனை டன் பூவைச் சாறெடுக்க ஆலை இருக்கிறது என்று எங்கள் வரைபடம் எதிலும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நாங்களும் சேர்க்கவில்லை.

ஆகஸ்டில் இன்னொன்று நடந்தது. ஹெம்ப் பனை மாதிரி: ஆண் தனி, பெண் தனி. சிபிடிக்குப் பெண் மட்டும் வேண்டும். மகரந்தம் பட்டால் பூ விதை வைக்கும், சிபிடி குறையும். பெரியவரின் வயலில் பெண் நாற்றுகள்தான். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் நார்ப் பாத்திகள். இத்தாலிய ரகம், பாதிக்குப் பாதி ஆண். ஹெம்ப் மகரந்தம் காற்றில் பல கிலோமீட்டர் போகும். எங்களுக்கு நடுவில் ஒரு முள்கம்பி. எங்கே நார், எங்கே பூ என்று பிப்ரவரியிலேயே ஒருவர் வீட்டு வாசலில் நின்று ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும். அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. செப்டம்பரில் அவர் ஒரு பூக்கொத்தைக் கசக்கி என் உள்ளங்கையில் கொட்டினார். ஏழெட்டு விதை. "உன் பிள்ளைகள்" என்றார். அவர் சிரித்ததால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

போதாததற்கு மக்காச்சோளக் கதிர்ப்புழு. நம் பருத்தியின் பச்சைக் காய்ப்புழுவுக்கு உடன்பிறப்பு. மக்காச்சோளக் கதிர் காய்ந்ததும் மொத்தமாகப் பூவுக்கு ஏறும், தின்ற இடம் அழுகும். கையால் பொறுக்குவதைத் தவிர வேறு வழி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அறுத்துக் கொட்டகையில் தொங்கவிட்டார். காய்ந்தது. பொதி கட்டினார். கம்பெனியின் ஆள் நவம்பரில் வந்து பார்த்து, விதை இருக்கிறது என்று விலையைக் குறைத்தார். டிசம்பரில் ஈரம் என்றார். ஜனவரியில் போனை எடுக்கவில்லை. விதை என்பது சாக்கு என்று எனக்குத் தெரியும், விதையே இல்லாத பூவைக் கட்டி வைத்திருந்தவர்களுக்கும் அதே கதிதான். கோடையில் பேசிய விலையில் கால்பங்குகூடக் குளிர்காலத்தில் இல்லை. ஆனாலும் அந்தச் சாக்கை அவர்களுக்குக் கொடுத்தது எங்கள் பாத்தி. நான் அந்தக் குளிர்காலத்திலேயே வேறு மாநிலத்துக்கு, சோளப் பயிர் வேலைக்குப் போய்விட்டேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தபோதும் ஒரு கையெழுத்து.

2020 மே மாதம் பெரியவர் வீடியோவில் அழைத்தார். பொதிகளைக் கொட்டகையிலேயே விட்டிருந்தார். உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. பன்னிரண்டு ஏக்கரிலும் சோயா. போனை மண்ணுக்கு அருகில் கொண்டுபோனார். சோயா வரிசைக்கு நடுவே, ரம்பப் பல் வைத்த இலைகளோடு இரண்டு கன்றுகள்.

"உரிமம் இல்லாதவன் வயலில் இது நின்றால் இதற்குப் பெயர் என்ன?" என்று கேட்டார். தானாக முளைப்பதையும் பிடுங்கி அழிப்பது வளர்த்தவர் பொறுப்பு என்றேன். குனிந்தார். பிடுங்குவதற்கு முன், "ஆணா, பெண்ணா?" என்றார்.

பூக்கும் வரை சொல்ல முடியாது என்றேன். இரண்டையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த வரிசையைப் பார்க்கப் போனார்.